கிள்ளான் வரைக்கும் ஒரு பூசிங்

2024 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை மாமா கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினார். கார் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. ஒரு பெட்டி, அதற்குள் சில புள்ளிகள், இரண்டு பக்கமும் குழாய். கூடவே ஒரு குரல் பதிவு.

"மாப்ள, இது என்னாடா லைட்டு? முந்தாநாள்லேர்ந்து எரியுது. வண்டியும் இழுக்க மாட்டேங்குது. நீ என்ஜினியர்தானே, பாத்துச் சொல்லு."

பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததால் வந்த நிம்மதியைவிட குற்ற உணர்ச்சிதான் அதிகம். ஏனென்றால் அந்த டீசல் காரை வாங்கச் சொன்னவனே நான்தான்.

மாமா சுங்கை வேயில் சமையல் தொழில் செய்கிறார். வீட்டிலேயே சமைத்து, பொட்டலம் கட்டி, தொழிற்சாலைப் பணியாளர் விடுதி ஒன்றுக்கு மூன்று வேளையும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். போக இரண்டு கிலோமீட்டர், வர இரண்டு கிலோமீட்டர். 2023-ல் பழைய வேன் படுத்துவிட்டது. "என்ன வண்டி எடுக்கலாம்?" என்று கேட்டார். நான் எக்செல்லில் ஒரு கணக்குப் போட்டேன். பெட்ரோல் லிட்டர் 2 வெள்ளி 5 காசு, டீசல் 2 வெள்ளி 15 காசு. பெட்ரோல் கார் 100 கிலோமீட்டருக்கு 9 லிட்டர் குடிக்கும், டீசல் 6 லிட்டர். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டினால் 83 வெள்ளி மிச்சம். பின்பக்கம் பெரிய இடம் உள்ள, இரண்டாம் கை டீசல் கார் ஒன்றைத் தேடிக் கொடுத்தேன். உள்ளூர் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் இயந்திரப் பொறியியல் படித்தவன் சொன்னால் தப்பாகவா இருக்கும்?

தப்பு அந்த 1,500-ல் இருந்தது. மாமா ஓட்டுவது மாதம் 300 கிலோமீட்டர் சொச்சம். அந்தக் கணக்கில் மிச்சம் 17 வெள்ளிகூட வராது. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியபோது அந்தப் 17 வெள்ளியும் போய் மாதம் 5 வெள்ளி நட்டம் என்று ஆனது. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். 300 கிலோமீட்டர் என்பதைவிட முக்கியமான இன்னொரு எண்ணை நான் கேட்கவே இல்லை: ஒரு தடவை ஏறினால் எத்தனை நிமிடம் ஓட்டுகிறார்? எட்டு நிமிடம்.

அன்று சாயங்காலம் பட்டறைக்குப் போனோம். சைனாக்கார தௌக்கே கணினியைச் செருகிப் பார்த்துவிட்டு, இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரி வைத்துக் காட்டினார். "பொத்தோங் சாஜா." வெட்டிவிடு, அவ்வளவுதான். புது வடிகட்டி என்றால் பல ஆயிரம் வெள்ளி. பழையதின் வயிற்றைக் கிழித்து உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, கணினியை ஏமாற்றும்படி எழுதிக்கொடுக்க அதில் ஒரு சிறு பங்குதான். மாமா என் முகத்தைப் பார்த்தார். "நீ சொல்லு மாப்ள. நீ சரின்னா வெட்டிடலாம்."

"ரெண்டு நாள் டைம் குடுங்க மாமா" என்றேன். அந்த இரண்டு நாளில் படிக்க ஆரம்பித்தது இன்னும் முடியவில்லை. இந்தக் கட்டுரை அதிலிருந்து வந்ததுதான்.

1. ஓடிக்கொண்டே இருப்பதற்காகப் பிறந்த எந்திரம்

ருடோல்ஃப் டீசல் தன் எந்திரத்துக்கு 1892-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1897-ல் அது ஒழுங்காக ஓடியது. ஆளைவிட உயரமான இரும்புக் கோபுரம், 20 குதிரைத்திறன். எரிபொருளின் ஆற்றலில் 26 விழுக்காட்டை அது வேலையாக மாற்றியது. அன்றைய நீராவி எந்திரங்களோ 10 விழுக்காட்டைத் தொடுவதற்கே திணறின. அந்த எந்திரம் எங்கேயும் நகரவில்லை. ஆலையின் மூலையில் நின்று காலையில் தொடங்கி இரவு வரை ஒரே வேகத்தில் ஓடுவது அதன் வேலை.

அடுத்து கப்பலுக்குப் போனது. 1912-ல் டென்மார்க்கின் 'செலாண்டியா' என்ற டீசல் கப்பல் கோப்பன்ஹேகனிலிருந்து பாங்காக் வரை போனது. புகைபோக்கி இல்லாத கப்பல் என்று துறைமுகங்களில் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு லோரி, பஸ், ரயில். நம்ம ஊரில் மலாயா ரயில்வேக்கு 1957-ல் இங்கிலீஷ் எலக்ட்ரிக் டீசல் இஞ்சின்கள் வந்தன. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் புக்கிட் கூடா வரைக்கும் 1886-ல் போட்ட தண்டவாளத்தில், நிலக்கரியும் விறகும் தின்ற நீராவி வண்டிகளின் காலம் அதோடு முடியத் தொடங்கியது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பிலும் செந்தூல் பட்டறையிலும் வேலை பார்த்த நம்மவர்கள் கரி அள்ளுவதை விட்டுவிட்டு டீசல் எண்ணெயோடு மல்லுக்கட்டக் கற்றுக்கொண்டார்கள்.

இந்த வரிசையில் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஆலை, கப்பல், ரயில், லோரி எல்லாமே ஒருமுறை சூடேறினால் மணிக்கணக்கில் சூடு ஆறாமல் ஓடுபவை. எட்டு நிமிடம் ஓட்டி அணைப்பது என்ற பழக்கமே இந்த எந்திரத்தின் பிறப்பில் கிடையாது. 1936-ல் மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி என்ற முதல் தொடர் உற்பத்தி டீசல் கார்களில் ஒன்றைக் கொண்டுவந்தபோது, அதை விரும்பி வாங்கியவர்கள் டாக்சிக்காரர்கள். அவர்களும் நாளெல்லாம் ஓட்டுபவர்கள்தான்.

டீசல் எந்திரத்தை வீட்டுக் காருக்குள் பெருமளவில் கொண்டுவந்தது ஐரோப்பா. டீசலுக்கு வரி குறைவு, கரியமில வாயுவும் குறைவு என்ற கணக்கு. பிரிட்டன் 2001-ல் கார் வரியைக் கரியமில வாயு அளவோடு இணைத்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மேற்கு ஐரோப்பாவில் விற்ற புதுக் கார்களில் பாதி டீசலாகிவிட்டது. பிள்ளையைப் பள்ளியில் விடுபவர், கடைக்குப் போகும் ஓய்வூதியக்காரர் எல்லாரும் டீசல் வாங்கினார்கள். அவர்கள் போட்ட கணக்கும் என் எக்செல் கணக்கு மாதிரிதான் இருந்திருக்கும்.

2. தாத்தாவின் துண்டு

என் தாத்தா மினி பஸ் ஓட்டினார். கோலாலம்பூரில் 1975-ல் வந்து 1998-ல் நிறுத்தப்பட்ட அந்தச் சின்ன பஸ்கள் இப்போது சுவரோவியங்களில் இளஞ்சிவப்பாக, அழகாக இருக்கின்றன. அம்மாவுக்கு நினைவிருப்பது தாத்தாவின் துண்டு. வெள்ளையாகக் கழுத்தில் போட்டுக்கொண்டு போவார், சாயங்காலம் சாம்பல் நிறத்தில் வரும். மூக்கைத் துடைத்த இடம் கறுப்பாக இருக்கும். கடைசிக் காலத்தில் நிறைய இருமினார். சிகரெட்டும் குடித்தார், அதனால் இன்னதுதான் காரணம் என்று யாரும் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை.

சுங்கை வே அந்தக் காலத்தில் புகைக்கு நடுவில் இருந்த ஊர். அவசரகாலத்தில் உருவான புதுக்கிராமம் அது, சுற்றிலும் கித்தாக் காடு. 1971-ல் சுதந்திர வாணிப வட்டாரச் சட்டம் வந்து, 70களின் தொடக்கத்திலேயே இங்கே மின்னணுத் தொழிற்சாலைகள் எழும்பின. தோட்டத்துப் பெண்பிள்ளைகளைத் தொழிற்சாலை பஸ்கள் விடியற்காலையில் ஏற்றி வந்து இறக்கும். அடுத்த ஷிப்ட் முடியும் வரை இஞ்சினை அணைக்காமல் வரிசையாக நிற்கும். இன்றைக்கு ஸ்ரீ செத்தியா என்று பலகை மாறிவிட்டது. ஒரு பக்கம் கூட்டரசு நெடுஞ்சாலை இரைகிற இரைச்சல் மட்டும் மாறவில்லை.

புகையைக் கட்டுப்படுத்தச் சட்டம் இல்லாமல் இல்லை. 1974-ல் சுற்றுச்சூழல் தரச் சட்டம். 1977-ல் வாகனப் புகை விதிகள். 1996-ல் டீசல் எந்திரங்களுக்கென்றே தனி விதிமுறை. அதில் புகையின் அளவு 50 ஹார்ட்ரிட்ஜ் அலகைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள். ஒரு குழாய்க்குள் புகையை விட்டு அந்தப் பக்கத்திலிருந்து விளக்கு அடித்தால், பாதி வெளிச்சமாவது இந்தப் பக்கம் வந்து சேர வேண்டும் என்று அதற்குப் பொருள். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். ஆனால் அந்தச் சோதனை அளப்பது கண்ணுக்குத் தெரியும் புகையை மட்டும்.

கண்ணுக்குத் தெரியாததுதான் நுரையீரலின் அடிவரை போகிறது. டீசல் கரியின் அடிப்படைத் துகள் ஒன்றின் விட்டம் ஏறத்தாழ 20, 30 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஆயிரக்கணக்கில் அடுக்கலாம். 2012 ஜூனில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்புப் பட்டியலில் சேர்த்தது. ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் அதே பட்டியல்.

3. தேன்கூட்டின் கதை

மாமாவின் காரில் அடைத்துக்கொண்ட அந்தப் பொருள் ஒரு பீங்கான் தேன்கூடு. நீளமான சதுரக் குழாய்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்துப் பக்கத்துக் குழாய்களில் ஒன்றுக்கு முன்வாசல் அடைப்பு, இன்னொன்றுக்குப் பின்வாசல் அடைப்பு. உள்ளே நுழைந்த புகைக்கு நேராக வெளியேற வழியில்லை. நுண்துளை உள்ள சுவரைத் தாண்டி அடுத்த குழாய்க்குள் போய்த்தான் வெளியே வர முடியும். காற்று தாண்டும், கரி சுவரிலேயே தங்கிவிடும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் பிடித்துவிடும். பீங்கான் தேன்கூடு செய்வதில் தேர்ந்த அமெரிக்காவின் கார்னிங், ஜப்பானின் என்ஜிகே போன்ற நிறுவனங்கள் இதை உருவாக்கின.

பிடிப்பது சுலபம். பிடித்ததை என்ன செய்வது? டீத்தூள் வடிகட்டியைத் தட்டிக் கொட்டுகிற மாதிரி இதைக் கொட்ட முடியாது. ஒரே வழி உள்ளேயே வைத்து எரிப்பது. கரி தானாக எரிய 550 முதல் 600 டிகிரி செல்சியஸ் வேண்டும். டீசல் கார் நகரத்தில் ஊரும்போது புகையின் சூடு 150, 200 டிகிரிதான். இந்த இடைவெளியைத் தாண்டுவதுதான் கடந்த நாற்பது வருட வரலாறு.

முதல் முயற்சி தோல்வி. 1985-ல் கலிஃபோர்னியாவின் கடுமையான விதிக்காக மெர்சிடிஸ் பென்ஸ் சில டர்போ டீசல் கார்களில் வடிகட்டி வைத்தது. சூடு கிடைக்கட்டும் என்று அதை டர்போவுக்கு முன்னால், இஞ்சினை ஒட்டியே பொருத்தினார்கள். பீங்கான் உடைந்து தெறித்த துண்டுகள் டர்போவுக்குள் போயின. சில வருடங்களில் அதைக் கைவிட்டார்கள்.

இரண்டாவது வழியை பிரிட்டனின் ஜான்சன் மாத்தே நிறுவனம் கண்டுபிடித்தது. புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடை வினையூக்கியால் நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றினால், அது 250, 300 டிகிரியிலேயே கரியை மெதுவாகத் தின்றுவிடும். பெரிய பஸ், லோரிகளுக்கு இது பொருந்தியது. ஆனால் கந்தகம் அதிகமுள்ள எண்ணெயில் வினையூக்கி வேலை செய்யாது. அதனால் 1990களின் தொடக்கத்திலேயே கந்தகம் மிகக் குறைந்த டீசலுக்கு மாறியிருந்த சுவீடனில்தான் இது முதலில் வேர்பிடித்தது.

மூன்றாவது வழி 2000-ல் வந்த பெஜோ 607. தொழிற்சாலையிலேயே வடிகட்டியோடு பெருமளவில் விற்ற முதல் டீசல் கார் என்று அதைச் சொல்லலாம். சீரியம் கலந்த ஒரு திரவத்தை டீசலில் சிறிதளவு சேர்த்து, கரி எரியும் வெப்பத்தை 450 டிகிரிக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். மீதிச் சூட்டுக்குக் கணினி உதவியது. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளந்து, கரி நிறைந்துவிட்டது என்று தெரிந்ததும், எரிப்பு முடிந்த பிறகு சிலிண்டருக்குள் இன்னும் கொஞ்சம் டீசலைத் தெளிக்கும். அது வினையூக்கியில் போய் எரிந்து புகையைச் சூடாக்கும். பத்து முதல் இருபது நிமிடத்தில் வடிகட்டி சுத்தமாகிவிடும்.

பிறகு சட்டம் பின்தொடர்ந்தது. 1992-ன் யூரோ 1 தரத்தில் டீசல் கார் கிலோமீட்டருக்கு 0.14 கிராம் கரி விடலாம். 2009-ன் யூரோ 5 தரத்தில் 0.005 கிராம்தான். வடிகட்டி இல்லாமல் அந்த எண்ணைத் தொட முடியாது.

'பத்து முதல் இருபது நிமிடம்' என்ற அந்தச் சொற்றொடரை நான் பலமுறை படித்தேன். இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, இடையில் அணைக்காமல், ஓரளவு வேகமாக ஓடும் பத்து முதல் இருபது நிமிடம். ஐரோப்பாவின் வெளிச்சாலையில் ஓட்டுபவரை மனதில் வைத்து எழுதிய நிபந்தனை அது. அங்கேயே கடைக்குப் போய் வருபவர்களின் கார்களில் மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது.

4. சூடான ஊரில் சூடாகாத இஞ்சின்

நம் ஊரில் இந்த வடிகட்டி தாமதமாகத்தான் அறிமுகமானது. தனியார் டீசல் காருக்கு ஒரு காலத்தில் சாலை வரி பெட்ரோல் காரைவிடப் பல மடங்கு. டீசலோ 500 பிபிஎம் கந்தகம் கொண்ட யூரோ 2எம். அதில் வடிகட்டி உள்ள காரை ஓட்டுவது வம்பு. 10 பிபிஎம் கந்தகம் உள்ள யூரோ 5 டீசல் 2014 இறுதியில் ஜொகூரில் முதலில் விற்பனைக்கு வந்து, மெல்ல மற்ற ஊர்களுக்குப் பரவியது. 2021 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்க அதுதான் என்று ஆனது. தமிழ்நாடு உட்பட இந்தியாவில் இதே மாற்றம் ஒரே தாவலாக நடந்தது. பிஎஸ் 4-லிருந்து ஐந்தாம் படியையே மிதிக்காமல் 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ் 6. மாருதி சுசுகி அந்தத் தேதியோடு டீசல் கார் விற்பதையே நிறுத்திக்கொண்டது.

மாமா கேட்டார்: "இங்கதான் வருஷம் பூரா வெயிலாச்சே. இஞ்சின் சூடாகலன்னு எப்படிச் சொல்றே?" நியாயமான கேள்வி. வெளியே 33 டிகிரியா 5 டிகிரியா என்பது தொடக்கத்தில் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். புகையின் சூடு இஞ்சின் சுமக்கும் பாரத்தைப் பொறுத்தது. சுங்கை வே சந்தியில் சிவப்பு விளக்கில் நிற்கும் வண்டிக்குப் பாரமே இல்லை. குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு விடுதி வாசலில் பத்து நிமிடம் நிற்பது, வடிகட்டியின் கண்ணில், கரியைக் கொட்டிக்கொண்டே சூட்டைக் கொடுக்காமல் இருப்பது.

இன்னொன்று செம்பனை. ருடோல்ஃப் டீசலின் எந்திரம் ஒன்றை 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். நாம் செம்பனையில் ஓட்டுகிறோம். 2006-ல் சமையலெண்ணெய் வகையையே 5 விழுக்காடு கலந்த 'என்வோ டீசல்' அறிவிக்கப்பட்டது. கார் நிறுவனங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு முறையாக மாற்றப்பட்ட செம்பனை பயோடீசல் 2011-ல் கிள்ளான் பள்ளத்தாக்கு உள்ளிட்ட மத்திய மாநிலங்களில் பி5 ஆக வந்து, பி7 ஆகி, 2019-ல் பி10 ஆனது. பயோடீசலில் கரி குறைவாகவே வரும், அது நல்லது. ஆனால் அது சுலபத்தில் ஆவியாகாது. வடிகட்டியைச் சூடாக்கத் தெளிக்கும் கூடுதல் டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து இஞ்சின் எண்ணெய்க்குள் இறங்குவது உண்டு. சாதாரண டீசலாக இருந்தால் நீண்ட பயணச் சூட்டில் ஓரளவு ஆவியாகி வெளியேறும். பயோடீசல் எண்ணெயிலேயே தங்கிவிடும்.

பட்டறையில் நான் அளவுக்குச்சியை உருவிப் பார்த்தேன். எண்ணெய் உச்சக்கோட்டைத் தாண்டி நின்றது, டீசல் வாடை அடித்தது. மாமா எட்டிப் பார்த்து, "குறையலயே, கூடியிருக்கு. நல்லதுதானே?" என்றார். கணினி ஒவ்வொரு தடவையும் எரிக்க ஆரம்பித்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் மாமா விடுதி வாசலில் சாவியைத் திருப்பி அணைத்திருக்கிறார். பாதியில் நின்ற ஒவ்வொரு எரிப்பும் எண்ணெயில் கொஞ்சம் டீசலைச் சேர்த்திருக்கிறது. வடிகட்டி அடைத்ததோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த நீர்த்த எண்ணெயில் இன்னும் சில மாதம் ஓட்டியிருந்தால் இஞ்சினே போயிருக்கும்.

5. வெட்டுவதா?

மாமாவின் வாதம் இது. "முன்னாடி போற லோரி கக்குற புகைக்கு நான் ஒருத்தன் வடிகட்டி வெச்சு என்னாடா ஆவப் போவுது? தாத்தா காலத்துல இதெல்லாம் இருந்திச்சா? வண்டி ஓடல?"

லோரியைப் பற்றி அவர் சொன்னதில் பொய் இல்லை. வெட்டிவிட்டாலும் சோதனையில் பிடிபட மாட்டார் என்பதும் பெரும்பாலும் உண்மை. நவீன இஞ்சின் வடிகட்டி இல்லாமலும் கறும்புகை விடாது. 1996-ல் எழுதிய 50 அலகு வரம்பைச் சுலபமாகத் தாண்டிவிடக்கூடும். பிரிட்டனில் 2014 பிப்ரவரியிலிருந்து ஆண்டுச் சோதனையில் வடிகட்டி காணாமல் போயிருந்தால் வண்டி தோல்வி. அங்கேயும் வெறும் ஓட்டை விட்டுவிட்டு உள்ளே காலி செய்தவர்கள் தப்பித்தார்கள். நெதர்லாந்து 2023 ஜனவரியில் புகைக்குழாயில் கருவியை வைத்துத் துகள்களை எண்ணவே தொடங்கிவிட்டது. நாம் அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை.

நான் மாமாவிடம் பெரிய பதில் எதுவும் சொல்லவில்லை. தௌக்கேயிடம் ஒரு வெள்ளைத் துணி கேட்டு, மாமாவின் காரின் புகைக்குழாய்க்குள் விட்டுத் துடைத்தேன். லேசாகத் தூசி, அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற பழைய லோரியின் குழாயில் துடைத்தேன். துணி கறுத்துப்போனது. மாமா துணியை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா துண்டு" என்றார்.

தினமும் மூன்று வேளை அவர் வண்டியை நிறுத்தும் விடுதி வாசலில் பிள்ளைகள் இல்லை, வேலைக்கு வந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். பொட்டலத்துக்காகப் புகைக்குழாய்க்குப் பின்னாலேயே வரிசையில் நிற்பார்கள். மாமா அதையும் சொன்னார். நான் சொல்லவில்லை.

வெட்டவில்லை. தௌக்கே கணினி மூலம் கட்டாய எரிப்பு செய்து பார்த்தார். நல்ல வேளை, கரி இன்னும் எல்லை தாண்டவில்லை, அழுத்தம் இறங்கியது. எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றினோம். செலவில் பாதியை நான் கொடுத்தேன். அந்த எக்செல் கணக்குக்கு அபராதம்.

6. ஞாயிற்றுக்கிழமைகள்

அன்றிலிருந்து மாமா ஞாயிறு காலை வாழை இலையும் மளிகையும் வாங்கக் கிள்ளானுக்குப் போகிறார், ஜாலான் தெங்கு கிளானாவுக்கு. முன்பு பக்கத்துக் கடையிலேயே வாங்குவார். கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து தீகா டோல் 2018 ஜனவரி 1-லிருந்து இல்லை, ஞாயிறு காலை ஜேமும் இல்லை. போக இருபத்தைந்து நிமிடம், வர இருபத்தைந்து நிமிடம். கடைசி கியரில் முனகவிடாமல், இஞ்சின் 2,000 சுற்றுக்கு மேல் இருக்கும்படி சீராக ஓட்டினால் போதும். பறக்க வேண்டியதில்லை. "வண்டிக்கு ஒரு பூசிங்" என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்.

அவருக்கு நான் சொல்லிக்கொடுத்தவற்றை இங்கேயும் எழுதிவைக்கிறேன், யாருக்காவது ஆகும். நிற்கும்போது இஞ்சின் சுற்று வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தாலோ, விசிறி காரணமில்லாமல் இரைந்தாலோ, தானாக அணையும் வசதி அணைக்க மறுத்தாலோ, உள்ளே எரிப்பு நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவியைத் திருப்பாமல் இன்னும் பத்து நிமிடம் ஓட்டுங்கள். அந்த நேரத்தில் காய்ந்த லாலாங் புல் மேல் நிறுத்தாதீர்கள், அடியில் அவ்வளவு சூடு. எண்ணெய்த் தொட்டியைக் கடைசிச் சொட்டு வரை காயவிடாதீர்கள், பல கார்கள் அந்த நிலையில் எரிப்பைத் தொடங்குவதே இல்லை. சாம்பல் குறைந்த இஞ்சின் எண்ணெயையே ஊற்றுங்கள். கரி எரியும், எண்ணெயில் உள்ள உலோகச் சாம்பல் எரியாது, அது வடிகட்டியின் அடியில் சேர்ந்துகொண்டே இருக்கும். அளவுக்குச்சியில் எண்ணெய் ஏறினால் சந்தோஷப்படாதீர்கள். மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் அன்றைக்கே நெடுஞ்சாலைக்குப் போங்கள். அதோடு இஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிந்தால், வண்டி இழுக்காவிட்டால், நெடுஞ்சாலை உதவாது, பட்டறைக்குப் போங்கள். பூசிங் போயும் வாராவாரம் விளக்கு எரிந்தால் குற்றம் பயணத்தில் இல்லை, இஞ்செக்டரிலோ டர்போவிலோ உணரியிலோ இருக்கும்.

இதெல்லாம் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு. நாற்பது கிலோமீட்டர் ஓடி வாழை இலை வாங்குவது சிக்கனமா, அந்த நாற்பது கிலோமீட்டர் புகை யார் கணக்கு என்று கேட்டால் என்னிடம் நேரான பதில் கிடையாது. இரண்டு கிலோமீட்டர் வாழ்க்கைக்கு டீசல் கார் பொருந்தாது என்பதுதான் உண்மை. அதை நான் 2023-லேயே சொல்லியிருக்க வேண்டும்.

போன மாதம் மாமா ஒரு சின்னப் பெட்ரோல் வேனுக்கு முன்பணம் கட்டினார். டீசல் காரைப் பார்க்க ஒரு தம்பி வந்திருந்தார். சுற்றிப் பார்த்தார், விலை கேட்டார், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்று கேட்டார். மாமா எதற்கும் உடனே பதில் சொல்லவில்லை.

"தம்பி, வீடு எங்க?"

"பூச்சோங்."

"வேலை எங்க?"

"சிரம்பான்ணே. தினம் போய்ட்டு வரணும்."

மாமா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் விலையைச் சொன்னார்.